பேர் எழுதணுமா? இளங்கௌதமனைக் கேளுங்க!

அடுத்த ஐ.வி. எங்கேன்னு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தால் என்ன வரும்? ஊட்டி, கொடைக்கானல், கோவா. தப்பே இல்லை. ஆனால் அதில் ஒரே ஒரு நாளைப் புதுக்கோட்டைக்கு ஒதுக்குங்கள். சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை மூன்றும் நகரத்திலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ.க்குள்தான். ஒரு வேன், ஒரு நாள், போதும்.

"பாறையைப் பார்த்து என்னடா பண்றது?" என்று யாராவது கேட்பார்கள். நார்த்தாமலைக்குக் கூட்டிட்டுப் போங்கள். அங்கே விஜயாலய சோழீச்சரத்தில் வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். ஆயிரம் ஆண்டு தாண்டியும் நிற்கிறது. கருங்கல்லில் அந்த வட்டத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று சிவில்காரர்கள் அங்கேயே சண்டை போடலாம். குடுமியான்மலையில் 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஸ்வரங்களை வரிசை வரிசையாகப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பேக்கப் எடுத்தா இப்படி எடுக்கணும்!

சித்தன்னவாசலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை சுடும். மேலே ஏழடிப்பட்டம் குகையில் சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகள். ஒன்றில் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய தமிழி எழுத்து. கீழே அறிவர் கோயிலின் கூரையில் தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டியது. நிறைய உதிர்ந்துபோய், மிச்சம்தான் நமக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்கு வெளியே இருக்கும் எந்தப் பழைய இடத்துக்குப் போனாலும் ஒரு கிறுக்கல் நம்மை வரவேற்கும். 'இன்னார் லவ்ஸ் இன்னார்', '2019 பேட்ச்'. பேட்ச் என்று எழுதுவது யார்? படித்த நாம்தான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. இருந்தும் கிறுக்கல் நிற்கவில்லை.

"அப்போ யாருமே போகாம இருந்தா நல்லதுதானே?" இல்லை. யாருக்கும் தெரியாத பாறை சுலபமாகக் குவாரி ஆகிவிடும். மதுரை மாவட்டத்தைப் பாருங்கள். சமணப் படுக்கைகளும் குடைவரையும் உள்ள அரிட்டாபட்டிப் பகுதியை டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சேர்த்தார்கள். அந்த மலையின் அருமை தெரிந்த ஊர்மக்கள் வீதிக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. தெரிந்தவன்தான் குரல் கொடுப்பான். அதனால்தான் போகச் சொல்கிறேன்.

பேர் எழுதியே ஆகணும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கு. அறிவர் கோயில் பக்கத்துப் பாறையில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற ஆசிரியரின் பெயர் 9ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. ஏன் தெரியுமா? அவர் அந்தக் கோயிலைப் புதுப்பித்து, முன்னால் ஒரு மண்டபமும் எடுத்தார். நீங்களும் ஏதாவது ஒன்றைக் காப்பாற்றுங்கள், பேரை ஊரே எழுதும். அதுவரைக்கும் சாவியைப் பாக்கெட்டிலேயே வைங்க, பாஸ்.