செத்தவனுக்கும் சுவரா, சாமி?

ஞானஸ்நானத் தண்ணீர் எங்கள் தலையிலும்தானே விழுந்தது? பிறகு ஏன் எங்கள் பிணத்துக்கு மட்டும் தனி வழி?

தலித்துகளான நாங்கள் தாத்தா காலத்திலேயே வேதத்துக்கு வந்துவிட்டோம். இன்றுவரை தேர்பவனி எங்கள் தெருமுனையோடு திரும்பிவிடுகிறது. மாதாவுக்கு எங்கள் தெரு ஆகாதா? பிணம் சுமக்கும் தூம்பாப் பெட்டி மேல்சாதிக்காரர்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே சுவர். என் அம்மாவை அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் புதைத்தேன். சாகும்வரை செபமாலை உருட்டிய கை அது. அந்தக் கைக்கு இந்தத் திருச்சபை கொடுத்த மரியாதை இவ்வளவுதான்.

எங்கள் ஊரோடு போகிற கதையா இது? திருச்சி மேலப்புதூர் கல்லறையிலும் சுவர் எழுப்பினார்கள். எறையூரில் தலித் மக்கள் தங்களுக்கென்று தனிப் பங்கு கேட்டார்கள். 2008-இல் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே பங்கில் நற்கருணை வாங்கியவர்கள்தான்.

அரசாங்கம் என்ன சொல்கிறது? 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்துவாக இல்லாதவன் பட்டியல் சாதியில்லை. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். நாங்கள் இன்னும் வெளியே. சென்னையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை, இந்துவான மற்றத் தொழிலாளிகளுக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கு இல்லையே என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். கிறிஸ்தவனான பிறகும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 1985-இல் கைவிரித்தார்கள். சான்று இல்லையாம்! எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை வந்து பார்த்திருக்கலாமே ஐயா.

ஆயர்களே, உங்களிடம்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று 2016-இல் ஆயர் பேரவையே எழுதி ஒப்புக்கொண்டது. இந்தியக் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் தலித்துகள் என்றும் அதே பேரவைதான் சொன்னது. அந்தக் குடியரசுத் தலைவர் ஆணை வந்த நாளான ஆகஸ்ட் 10 வந்தால் எங்களுக்காகக் கறுப்புக்கொடி பிடிக்கிறீர்கள். பிடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டெல்லியிடம் நியாயம் கேட்கிற வாய், சொந்தப் பங்கில் ஏன் மூடிக்கொள்கிறது?

ஊர் கலவரமாகிவிடும், பொறுத்திருங்கள் என்கிறார் சாமியார். எத்தனை தலைமுறை பொறுப்பது? வடக்கன்குளம் கோயிலுக்குள் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்து நின்ற சுவரை 1910-இல் இடித்தது ஒரு சாமியார்தான். வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது, தோற்றது. கோயில் இடிந்து விழவில்லை, விசுவாசமும் செத்துப்போகவில்லை.

அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? கல்லறைச் சுவரை இடியுங்கள். தேரை எங்கள் தெருவுக்குள் கொண்டுவாருங்கள். ஊருக்கு ஒரே தூம்பா வையுங்கள். இதற்கு டெல்லியின் ஆணை எதுவும் தேவையில்லை, ஆயரின் ஒரு கையெழுத்து போதும்.