ஒழுகுவது பழைய காரின் குணமா?

"பழைய வண்டின்னா பெட்ரோல் கொஞ்சம் ஒழுகத்தான் சார் செய்யும்." சென்னையில் பிரீமியர் பத்மினி கார் வைத்திருக்கும் ஒருவருக்கு அண்மையில் மெக்கானிக் சொன்ன பதில் இது. கார்புரேட்டரின் அடிப்பக்கம் நனைந்து கிடக்கிறது, வாடை காருக்குள் வீசுகிறது. கூட நின்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். திறந்து பார்க்கச் சோம்பல்பட்டவர்கள் கிளப்பிவிட்ட பொய் இது.

மும்பை டாக்சியைப் பாருங்கள். ஃபியட் 1100 டி என்று 1964-ல் வந்து, பிறகு பத்மினி ஆன இதே கார்தான் அந்த ஊரின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக இருந்தது. எரிவாயுவுக்கு மாறும்வரை பல்லாண்டு காலம் பெட்ரோலில், கார்புரேட்டரோடு, நெரிசலிலும் வெயிலிலும் நாள் முழுக்க ஓடியது. ஒழுகுவது அதன் குணம் என்றால் அந்த டாக்சிக்காரர் வீட்டில் உலை கொதித்திருக்குமா? பெட்ரோல் காசு தெருவில் சொட்ட, எவர் பிழைப்பு நடத்துவார்?

ஒழுகலுக்குக் காரணம் வயதல்ல, பழுது. கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் நிறைந்ததும் ஃப்ளோட் என்னும் மிதவை மேலெழுந்து நீடில் வால்வை அடைக்க வேண்டும். ஊசிமுனை தேய்ந்திருந்தாலோ, ஊசி உட்காரும் இடத்தில் தூசி சிக்கியிருந்தாலோ அடைக்காது. பம்ப் தள்ளத் தள்ள வழியும். பித்தளை ஃப்ளோட்டில் ஓட்டை இருந்தால் உள்ளே பெட்ரோல் புகுந்து அது கனத்துவிடும். காதோரம் வைத்துக் குலுக்கினால் சலசலக்கும். வெந்நீரில் அமுக்கினால் ஓட்டை வழியே குமிழி விடும். சோலெக்ஸ் கார்புரேட்டரில் நீடில் வால்வுக்கு அடியில் போடும் வாஷரின் கனம்தான் பெட்ரோல் மட்டத்தையே தீர்மானிக்கிறது. அதைத் தொலைத்துவிட்டுக் கைக்கு அகப்பட்ட வாஷரைப் போட்டவர், பழியைக் காரின் வயதின்மேல் போடுகிறார். மேல்மூடி இன்னொரு கொடுமை. ஸ்க்ரூவைப் பலங்கொண்ட மட்டும் முறுக்கி மூடியை வளைத்துவிட்டால், எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் கசியும்.

மும்பை டாக்சிக்காரருக்கு இதெல்லாம் மனப்பாடமாக இருந்தது. நம்மவர்கள் சோப்பைத் தேய்க்கிறார்கள், சிலிகான் பசையை அப்புகிறார்கள். சாதாரண சிலிகான் பெட்ரோல் பட்டால் உப்பும். பிய்ந்த துணுக்கு ஜெட்டைப் போய் அடைக்கும்.

பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள வெயில்கூட வேண்டாம். உறையும் குளிரிலும் பற்றும். 1489 சிசி அம்பாசிடரில் கார்புரேட்டருக்குக் கீழேயே கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது. அதன்மேல் சொட்டுவதையா 'கொஞ்சம் ஒழுகும்' என்பது?

எத்தனால் விஷயமும் இருக்கிறது. இன்று பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயும் பம்ப் டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, இளகும், வெடிப்பு விடும். பழைய கார்க்காரர்களின் கதியைக் கேட்பார் இல்லை. கடையில் கிடைக்கும் போலி ரிப்பேர் கிட்டின் கேஸ்கெட்டோ துளைகூடப் பொருந்துவதில்லை.

2023 அக்டோபரில் கடைசி பத்மினி டாக்சி மும்பைத் தெருவை விட்டுப் போனதும் ஒழுகியதால் அல்ல, டாக்சிக்கு விதித்த 20 ஆண்டு வயது வரம்பால்.

பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை எடுக்காதீர்கள். கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்காமலே "அப்படித்தான் இருக்கும்" என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.