அரை மார்க்கும் ஒரு டீயும்

போன வாரம் பேங்கிலிருந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை, பெண் இங்கிலீஷ் பேப்பரை நீட்டினாள். 'லேர்ன்' என்ற வினைக்கு இறந்தகாலம் எழுதும்போது, ஈ.டி. போடாமல் கடைசியில் ஒரே ஒரு டீ போட்டு முடித்திருக்கிறாள். சிவப்பு மையில் சுழி. அரை மார்க் போச்சு.

"நீதானேப்பா இப்படிச் சொல்லிக் கொடுத்தே?"

ஆமாம், நான்தான். அது தப்பும் இல்லை. லேர்ன், பர்ன், ட்ரீம், ஸ்பெல் எல்லாவற்றுக்கும் இரண்டு முடிவும் உண்டு. அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஈ.டி. போடுவார்கள். பிரிட்டனில் இரண்டுமே புழக்கம். நாம் படித்தது பிரிட்டிஷ் வழி, பிள்ளைகள் யூட்யூபில் கேட்பது பெரும்பாலும் அமெரிக்க வழி. குழப்பம் வராமல் என்ன செய்யும்?

இங்கிலீஷே மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்து ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். அதில் 98 மட்டுமே இன்றும் அப்படி இருக்கிறதாம் (நேச்சர் இதழ், 2007). மற்றதெல்லாம் ஈ.டி.க்கு மாறிவிட்டது. அதிகம் புழங்கும் 'வென்ட்' மாதிரி சொற்கள்தான் ஈ.டி. பக்கம் போகவே இல்லை.

தமிழில் மட்டும் என்ன? போயிற்று, போனது இரண்டும் சரிதானே? இதற்காக யாராவது மார்க் குறைப்பார்களா?

எல்லாவற்றையும் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று சொல்ல வரவில்லை. 'ஹேங்' என்ற சொல்லில், ஆளைத் தூக்கிலிட்டால் ஹேங்டு, சட்டையை மாட்டினால் ஹங். அங்கே பொருளே வேறு.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பல வருஷம் முன்னால், ஒரு ஜூனியர் ஆபீசர் கொண்டுவந்த கடிதத்தில் இதே சொல்லுக்கு ஈ.டி. இருந்தது. நான் டீயாகத் திருத்தி, நாலு பேர் முன்னால் இலக்கணப் பாடமும் எடுத்தேன். பாவம், தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் எழுதியது சரி. அதே சிவப்பு மை இப்போது என் வீட்டுக்கே வந்திருக்கிறது!

என் கட்சி இதுதான்: ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள், கடிதம் முடியும்வரை அதை மாற்றாதே. அடுத்தவர் இன்னொன்றை எழுதினால் பேனாவை மூடி வை.

சனிக்கிழமை டிக்‌ஷனரியோடு ஸ்கூலுக்குப் போகிறேன். அரை மார்க்குக்காக இல்லை. சரியாக எழுதிவிட்டு, தப்பு என்று நம்பிக்கொண்டு ஒரு குழந்தை வளரக்கூடாது.

உங்கள் வீட்டில் எது, ஈ.டி.யா டீயா?