வரியால் வழக்கொழியும் கறுப்புப் பியர்

ஆசிரியர் அவர்களுக்கு,



பிரித்தானிய மதுவரிச் சட்டத்தில் 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் திகதி தொடக்கம் அமுலில் இருக்கும் ஒரு விதி, இந்நாட்டின் புராதனமான பானங்களுள் ஒன்றை நமது தெருக்கடைகளிலிருந்து மெல்ல மெல்ல அகற்றி வருவதால், அதற்கு என் ஆட்சேபத்தைத் தெரிவிக்கத் தங்கள் பத்திரிகையில் இடம் தருமாறு வேண்டுகிறேன். நாவின் ருசியைப் பற்றிய அற்ப விஷயம் இது என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் பலநூறு தொழிலாளரின் கைத்திறனும், நம்மவர் அநேகருக்கு ஜீவனமாகிய சில்லறைக் கடைகளின் வியாபாரமும் இதனோடு பிணைந்திருக்கின்றன.

போர்ட்டர் என்னும் கறுப்புப் பியர் பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் மாநகரிலே விருத்தியடைந்து, ஆற்றங்கரையிலும் வீதிகளிலும் சுமை தூக்கிய தொழிலாளரின் பெயரையே தன் பெயராக ஏற்றுக்கொண்டது. அதன் வீரியமிக்க வகை சவுத்வார்க்கிலிருந்து பால்டிக் கடல் வழியாக ரஷ்யப் பேரரசி கத்தரீனின் அரண்மனை வரை சென்றமையால், இம்பீரியல் ஸ்டவுட் என்ற விருது அதற்கு வாய்த்தது. 1817இல் டானியல் வீலர் என்பவர் மால்ட்டைக் கருக வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்ற பின்னர், இன்று நாம் அறியும் காப்பிக்கொட்டையின் கசப்பும் கருநிறமும் அதற்கு நிலைபெற்றன. நுவரெலியாவில் ஆங்கிலேயர் நிறுவிய வடிசாலையில் தோன்றி, மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கில விமர்சகர் உலகறியப் புகழ்ந்தெழுதிய லயன் ஸ்டவுட்டும் இந்தப் பரம்பரையின் கிளையே ஆதலால், இலங்கையிலிருந்து வந்த நம்மவருக்கு இந்தச் சுவை அந்நியமானதன்று.

இத்தகைய பாரம்பரியமுள்ள நகரில், இன்று எங்கள் வட்டாரத்து ஓஃப் லைசன்ஸ் கடைகளிலும் சுப்பர் மார்க்கெட்டுகளிலும் போய்ப் பார்த்தால், தட்டு முழுவதும் வெளிறிய லாகர் வகைகளே நிறைந்திருக்க, கறுப்பென்று சொல்லத்தக்கது மதுசாரம் நாலு வீதத்தைச் சற்றே தாண்டிய ஸ்டவுட் ஒன்றுதான். சிறு வடிசாலைகள் சிரத்தையுடன் வடிக்கும் ஒன்பது, பத்து வீத ஸ்டவுட்டைக் கேட்டால், விலை கூடுதலாகையால் விற்பனையாகாது என்று கடைக்காரர் கையை விரிக்கிறார். அவரைக் குறைகூற எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனெனில் அந்த விலையின் மூலகாரணம் அவர் கடையில் இல்லை.

2023ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்போது, 3.5 வீதத்திலிருந்து 8.5 வீதத்திற்குக் கீழ்ப்பட்ட பியருக்கு அதிலுள்ள தூய மதுசாரத்தின் லீற்றர் ஒன்றுக்கு 21.01 பவுண் என்றும், 8.5 வீதம் முதல் 22 வீதம் வரையானவற்றிற்கு 28.50 பவுண் என்றும் வரி விதிக்கப்பட்டது. அதன்படி, 330 மில்லிலீற்றர் கொண்ட 8.4 வீதப் பியர்க் கானுக்கு ஏறத்தாழ 58 பென்ஸ் வரியாக, வீரியம் ஒரு வீதத்தில் பத்திலொரு பங்கு ஏறியவுடனே அது 80 பென்ஸாகத் தாவியது. பத்து வீதக் கானுக்கோ 94 பென்ஸ், அதன்மேல் 20 வீத வற் வேறு. சிறு உற்பத்தியாளருக்கென்று அரசு வகுத்த சலுகையும் 8.5 வீதத்தை எட்டிய மாத்திரத்தில் அடியோடு மறுக்கப்படுகிறது. ஆகவே, எந்தச் சிறு வடிசாலையைக் காப்பதாக அரசு பிரகடனம் செய்ததோ, அது தன் திறமையின் உச்சத்தைக் காட்டும் பானத்திலேயே பெருங் கம்பனிக்குச் சமமான வரியைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

மதுவின் தீமையைக் குறைக்கவே இந்த ஏற்பாடு என்று சொல்லப்படுமாயின், அந்த நோக்கத்தை நான் பூரணமாக மதிக்கிறேன். மதுவால் அழிந்த குடும்பங்களை நம் சமூகம் நன்கு அறியும். வீரியத்துக்கேற்ற வரியும் நியாயமானதே. ஆனால், மலிவுக்காகவும் மயக்கத்துக்காகவும் விற்கப்படும் எட்டு வீத லாகர் குறைந்த விகிதத்திலேயே நிற்க, மாதக்கணக்கில் பதப்படுத்தப்பட்டு, விலையினிமித்தமே ஒன்றை இருவர் பகிர்ந்து நிதானமாகப் பருகும் ஸ்டவுட் மாத்திரம் தண்டிக்கப்படுவது எந்தச் சுகாதாரக் கொள்கைக்கும் பொருந்தாது.

ஆதலால், சிறு உற்பத்தியாளர் சலுகை பானத்தின் வீரியத்தைப் பாராமல் வடிசாலையின் உற்பத்தி அளவை மாத்திரமே பார்த்து வழங்கப்பட வேண்டும் என்றும், 8.5 வீதத்தில் எழுப்பப்பட்டிருக்கும் திடீர் மதில் படிப்படியான ஏற்றமாக மாற்றப்பட வேண்டும் என்றும் நிதியமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வாசகர்களுள் வாக்காளர் பலர், கடை நடத்துவோரும் பலர். முன்னவர்கள் தத்தம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுவார்களாக. பின்னவர்கள் அயலிலுள்ள சிறு வடிசாலையின் ஸ்டவுட்டுக்குத் தம் தட்டில் ஒரு வரிசையேனும் ஒதுக்குவார்களாக. கேட்பாரும் விற்பாரும் மௌனமாயிருந்தால், சட்டத்தைத் திருத்த வேண்டிய அவசியம் அரசுக்கு ஒருபோதும் தோன்றாது.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
லண்டன்.