தமிழில் டேக் வைத்தால் ஓடாதாம்!

அன்பு மாணவர்களே, சொந்தபந்தங்களே,

நம் குடும்ப வம்சாவளியை எக்ஸ்எம்எல் கோப்பாக்கும் வேலை நடக்கிறது. நல்ல காரியம். ஆனால் சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன், அத்தை வீட்டுக்காரர் எல்லோருக்கும் அதில் ஒரே டேக்: 'அங்கிள்'. கொழுந்தனுக்கும் மைத்துனனுக்கும் 'பிரதர்-இன்-லா'. ஏனப்பா என்றால், "சார், தமிழில் டேக் வைத்தால் எக்ஸ்எஸ்எல்டி ஓடாது" என்கிறார்கள். சொல்பவர்கள் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள்தான்!

யார் சொன்னது? 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் 1.0 வந்தபோதே எலிமென்ட் பெயரிலும் அட்ரிப்யூட் பெயரிலும் தமிழ் எழுத்துக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது, நடுவே இடைவெளி கூடாது. இங்கிலீஷுக்கும் அதே விதிதான். <தாய்மாமன் ஊர்="மதுரை"/> என்பது முழுக்கச் சரியான எக்ஸ்எம்எல்.

அந்தப் பெயர்களை எடுக்க முடியாதா? 1999 நவம்பரில் வந்த எக்ஸ்பாத் 1.0 போதும். //* என்றால் கோப்பிலுள்ள எல்லா எலிமென்டும். //@* என்றால் எல்லா அட்ரிப்யூட்டும். //* | //@* என்று இரண்டையும் சேர்த்து எக்ஸ்எஸ்எல்டியின் ஃபார்-ஈச்சுக்குக் கொடுங்கள். உள்ளே நேம்() என்று கேளுங்கள். 'தாய்மாமன்', 'ஊர்' என்று எழுதியது எழுதியபடி எடுத்துத் தரும். நேம்ஸ்பேஸ் முன்னொட்டு வேண்டாமென்றால் லோக்கல்-நேம்(). எந்த மொழிப் பெயர் என்று அது பார்ப்பதே இல்லை.

"கொழுந்தன் என்று தேடினேன், கிடைக்கவில்லையே சார்" என்று ஒரு பிள்ளை கேட்டது. நியாயமான கேள்வி. 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எக்ஸ்பாத் குறியீடு குறியீடாக ஒப்பிடுவதால், 'இது வேறு, அது வேறு' என்று சொல்லிவிடும். பிரெஞ்சின் கொம்பு வைத்த எழுத்துகளுக்கும் இதே தொல்லை உண்டு. 2007இல் வந்த எக்ஸ்பாத் 2.0இல் இதற்கென்றே நார்மலைஸ்-யூனிகோட்() இருக்கிறது. பெயரையும் தேடும் சொல்லையும் அதற்குள் போட்டு ஒப்பிட்டால் தீர்ந்தது. ஒரு வரி வேலைக்குச் சோம்பல்பட்டு, பழியைத் தமிழ்மேல் போடாதீர்கள்.

நினைத்துப் பாருங்கள். 'அங்கிள்' என்று எழுதிய கோப்பை நேம்() கொண்டு கேட்டால் 'அங்கிள்' என்றுதான் சொல்லும். நாளைக்குக் காதுகுத்துக்கு யார் மடியில் பிள்ளையை உட்காரவைப்பது என்று பேரப்பிள்ளைகள் அந்தக் கோப்பைப் பார்த்தால் என்ன தெரியும்? கோப்பில் போடாத உறவை எந்த எக்ஸ்பாத்தும் தேடித் தராது.

ஆகவே இந்த வாரமே 'அங்கிள்' என்ற எலிமென்டுகளை மட்டும் எடுத்து, ஆள் பெயரோடு லிஸ்ட் அனுப்புங்கள். யார் மாமன், யார் சித்தப்பா என்று நான் குறித்துத் தருகிறேன். எனக்குத் தெரியாததை ஊரில் பெரியவர்களிடம் கேட்போம். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

உங்கள் வாத்தியார்