அந்த மக்களாக நின்று ஆடுவோம்

கணினியில் நாடு அமைத்து ஆளும் உத்தி விளையாட்டுகளில் வெல்வது ஒன்றே குறிக்கோள் என்பர் சிலர். நாம் ஏற்கும் மக்களின் இயல்பு பிறழாமல் ஆடுவதே சிறப்பு என்பது என் கருத்து.

2014ஆம் ஆண்டில் வெளிவந்த 'எண்ட்லெஸ் லெஜண்ட்' என்னும் விளையாட்டைச் சான்றாகக் காண்போம். ஆரிகா என்னும் கற்பனைக் கோளில் பல இனத்தார் வாழ்கின்றனர். அவர்களுள் 'ரோவிங் கிளான்ஸ்' என்போர் நாடோடி வணிகர். அவர்களால் பிறர்மீது போர் அறிவிக்க இயலாது. ஆனால், தம் நகரத்தையே பெரிய வண்டின்மீது ஏற்றி வேறிடம் கொண்டுசெல்ல இயலும். இங்கு விளையாட்டின் விதியே இயல்பைக் காக்கிறது.

'புரோக்கன் லார்ட்ஸ்' என்போரின் நிலை வேறு. உடலை இழந்து, கவசத்துக்குள் உயிராக மட்டும் வாழும் வீரர் அவர்கள். மானம் பெரிதெனக் கருதுவோர். ஆயினும், பிறர் உயிராற்றலை உறிஞ்சும் வேட்கை அவர்களை வாட்டுகிறது. அவர்களாக ஆடும்போது, வலுவற்ற அண்டை நாட்டுடன் செய்த உடன்பாட்டை முறித்துத் தாக்கினால் எளிதில் வெல்லலாம். அதைத் தடுக்க விதி இல்லை. கொடுத்த வாக்கை எண்ணி நாமே விலகி நிற்க வேண்டும்.

அவ்வாறு நின்று தோற்பதால் என்ன பயன் என வினவலாம். வெற்றிக்காக இயல்பைக் கைவிட்டால், எந்த இனத்தைத் தேர்ந்தாலும் ஆடுவது ஒரே ஆட்டந்தான். பெயரும் கொடியும் மட்டுமே மாறும். இயல்பு காத்து ஆடுபவரோ, தம்மைப் போல் அல்லாத ஒருவரின் கண்கொண்டு உலகைக் காணக் கற்கிறார். அதற்காக ஓர் ஆட்டத்தைத் தோற்கலாம்.