‘கரம் பானி நஹீ’ என்றால் போதுமா?

மார்கழி பிறந்துவிட்டால் டில்லியில் படிக்கும் நம்மவர்க்கு இந்தி தானாகவே வந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் வாய் திறவாதவர்கூட விடுதிக் காவலரிடம் சென்று, “கரம் பானி நஹீ” என்று திருத்தமாகச் சொல்கிறார். பிறகு புகார்ப் புத்தகத்தில் ‘கீஸர் வேலை செய்யவில்லை’ என்று எழுதிக் கையொப்பமிடுகிறார். புகார் முடிந்தது. ஆனால் அதில் தகவல் ஏதாவது உண்டா? வைத்தியரிடம் போய், “உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் இவருக்கும் என்ன வேற்றுமை?

விளைவு நாம் அறிந்ததே. பணியாளர் வருகிறார், ஸ்விட்சை இருமுறை தட்டிப் பார்க்கிறார், எந்தப் பாகம் வேண்டும் என்று தெரியாமல் வந்தவர் வெறுங்கையுடன் திரும்புகிறார். மூன்று நாட்களுக்குள் அந்தத் தாழ்வாரத்து அறைகளில் வாளிக்குள் மின்கம்பிச் சுருளைத் தொங்கவிட்டு வெந்நீர் போடும் வேலை தொடங்கிவிடுகிறது. நிர்வாகம் மந்தமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காலையில் ஆய்வுக்கூடத்தில் மின்தடையை மூன்று தசம ஸ்தானம் வரை அளந்துவிட்டு, மாலையில் ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதும் விஞ்ஞான மாணவரைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

நம் ஊர் வீடுகளில் செம்பு பாய்லர் இருந்த காலத்தில் இந்தச் சங்கடம் இல்லை. நடுவே கரி எரியும் குழாய், சுற்றிலும் தண்ணீர், அடியில் சாம்பல். வெந்நீர் வரவில்லையென்றால் கரி ஈரமா, சாம்பல் அடைத்ததா என்று பாட்டி குனிந்து பார்த்தே சொல்லிவிடுவாள். சுவரில் தொங்கும் வெள்ளைப் பெட்டிக்கும் எரிபொருள், நெருப்பு, தண்ணீர், வழி ஆகியவை உண்டு. மூடியிருப்பதால் நாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டோம். மூடியைக் கழற்றச் சொல்லவில்லை. அது மின்பணியாளரின் வேலை, மின்சாரத்தைத் துண்டித்த பின் செய்ய வேண்டிய வேலை. கழற்றாமலே அறியக்கூடியது ஏராளம் என்கிறேன்.

முதலில், பழுது என்று ஒன்று இருக்கிறதா? 25 லிட்டர் கொள்ளும் 2,000 வாட் கீஸரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் 28 டிகிரியில் உள்ளே புகும் நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர அதற்கு 28 நிமிடம் போதும். இங்கே தை மாதக் காலையில் 12 டிகிரியில் நீர் புகுமானால் 42 நிமிடம் ஆகும். போதாக்குறைக்கு எல்லா அறையிலும் ஹீட்டர் எரிகிற வேளையில் 230 வோல்ட் இருக்க வேண்டிய மின்னழுத்தம் 180க்கு இறங்கினால், அழுத்தத்தின் வர்க்கத்திற்கு ஏற்பவே வெப்பம் பிறக்குமாதலால், கீஸரின் வலிமை ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகிவிடும். 42 நிமிடம் 69 நிமிடமாகிவிடும். பத்து நிமிடம் பொறுத்துவிட்டு, “கெட்டுப்போய்விட்டது” என்று தீர்ப்புச் சொல்லுகிறோம்! வரிசையில் மூன்றாவதாக நிற்பவருக்கும் ஒரு வார்த்தை: 60 டிகிரியில் உள்ள அந்த 25 லிட்டரோடு தண்ணீர் கலந்து குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தால் இரண்டு வாளிக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். உமக்குக் குளிர்ந்த நீர் வந்தது கீஸரின் குற்றமன்று.

இவையெல்லாம் போக உண்மையான பழுது இருந்தால், அதைப் பெட்டியே சொல்லும். விளக்கே எரியாவிட்டால் ஸ்விட்ச் வரை மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரு விளக்கு உள்ள கீஸரில் ஒன்று மின்சாரம் வந்ததையும், மற்றொன்று சூடேறுவதையும் காட்டும். தண்ணீர் சில்லென்றிருந்தும் இரண்டாவது விளக்கு எரியாவிட்டால், தெர்மாஸ்டாட்டையோ, அளவு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டையோ சந்தேகிக்கலாம். அது மணிக்கணக்கில் எரிந்தும் தண்ணீர் சூடாகாவிட்டால் எலிமெண்ட் அறுந்திருக்கும். மின்பணியாளர் இணைப்பை நீக்கி மீட்டர் வைத்தால் நல்ல எலிமெண்ட் சுமார் 26 ஓம் காட்டும். அறுந்தது எதையும் காட்டாது. கட்-அவுட் பொத்தானை அமுக்கியதும் வெந்நீர் வந்துவிட்டது என்று மகிழ்வதும் தவறு. அது ஏன் துண்டித்தது? தெர்மாஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கலாம், எலிமெண்ட்டின்மேல் சுண்ணாம்பு படிந்திருக்கலாம்.

இந்தச் சுண்ணாம்பைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. உப்புப் படிந்தால் சூடேற நேரமாகும் என்பார்கள். உள்ளே போன மின்சாரம் எப்படியும் வெப்பமாகித் தண்ணீரைச் சேர்ந்துதானே ஆக வேண்டும்? நேரம் பெரிதும் மாறாது. ஆனால் படிந்த ஓட்டினுள் வெப்பம் சிறைப்பட்டு எலிமெண்ட் மட்டுமீறிக் காய்ந்து, நாளடைவில் வெடித்துவிடும். நிலத்தடி நீரைத் தொட்டியில் ஏற்றும் கட்டிடங்களில் இதுவே பெரும் வியாதி. பெட்டியிலிருந்து பொரிகிறாற்போல் சத்தம் கேட்டால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

பெட்டி கொதிக்கிறது, குழாயில் மட்டும் வெதுவெதுப்பு என்பது வேறு கதை. பெட்டிக்குள் வெந்நீரை மேலிருந்து இறக்கிவரும் குழாய் அரித்துப்போனால் அடியிலுள்ள குளிர்ந்த நீரும் சேர்ந்துவிடும். அதைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு: கலக்குங் குழாயின் இரு திருகுகளையும் திறந்தபடி விட்டு, நுனியில் மட்டும் மூடிவிட்டுப் போகிற அன்பர். அந்த வழியாகக் குளிர்ந்த நீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்து பக்கத்துக் குளியலறைக்காரர் தலையில் விழும்.

இவற்றை இந்தியில் எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். சொல்லவே வேண்டாம். எலிமெண்ட், தெர்மாஸ்டாட், கட்-அவுட், வால்வ் ஆகியவை நமக்கும் அவருக்கும் பொதுமொழி. நாடெங்கும் குழாய் வேலை செய்வோரில் பலர் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். இந்தி அவர்களுக்கும் தாய்மொழியன்று. நம்மைப் போலவே பிழைக்க வந்த இடத்தில் கற்றுக்கொண்டது. “இரண்டாவது விளக்கு எரிகிறது, ஒரு மணி நேரமாகத் தண்ணீர் சூடாகவில்லை” என்று கையைக் காட்டிச் சொன்னால், அவர் எலிமெண்ட்டோடு வருவார்.

வாளிக் கம்பிச் சுருளுக்கு வருகிறேன். சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பவரை நான் நாள்தோறும் காண்கிறேன். அறையிலுள்ள எம்.சி.பி. காப்பாற்றும் என்பது வீண் நம்பிக்கை. அது 16 ஆம்பியரைத் தாண்டினால் கம்பியைக் காப்பாற்றும். மனிதனைக் கொல்ல ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே அதிகம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி வேறு. அதைக் குளியலறை தோறும் வைக்கும்படி நிர்வாகத்தை வற்புறுத்துவது நமது உரிமை. முனிர்க்கா, பேர் சராய் பக்கம் அறை எடுத்திருப்போர் காஸ் கீஸரைக் குளியலறைக்கு உள்ளே வைத்திருந்தால் இன்றே வெளியே மாற்றச் சொல்லுங்கள். மூடிய அறையில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை சுற்றும்போது கதவைத் திறக்கக் கை எழாது. அது பற்றாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் தீர்ந்துபோன பேட்டரி அல்லது போதாத நீரழுத்தம்.

சங்கத்துச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தாழ்வாரத்துக்கும் ஒரு குறிப்பேடும் ஒரு வெப்பமானியும் வாங்கித் தாருங்கள். எந்த விளக்கு எரிந்தது, எத்தனை நிமிடம், எத்தனை டிகிரி, எந்தக் குழாய், என்ன சத்தம் என்று எழுதப்பட்ட ஏட்டின் நகலோடு ஆர்.சி.சி.பி. மனுவையும் ஐப்பசி முடிவதற்குள் விடுதி அலுவலகத்தில் கொடுத்துவிடலாம். மனுவை எழுதித்தர நான் தயார்.